ஜன்னலோர இருக்கையில் ஒரு பை

திருவள்ளூரில் என்னிடம் முதலில் பேசியவர் இட்லிக்கடைக்காரர். “இன்னா மேடம், நாஷ்டாவா?” என்றார். நான் அரைக் கணம் விழித்தேன். பாளையங்கோட்டைக்காரிக்கு நாஷ்டா என்பது சினிமாவில் கேட்ட சொல். “ஆமா, அதுதான்” என்றேன். இட்லியின் தலையில் கரண்டி நிறைய வடகறி விழுந்தது. கடலைப்பருப்பை அரைத்து உதிர்த்துச் செய்த குழம்பு. எங்கள் ஊரில் இட்லிக்கு இப்படி ஒரு துணை கிடையாது. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் அடுப்படிக்கே கூட்டிப் போய்க் காட்டிவிட்டார். அதனால் பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதம்.

எதற்கும் தலையை நீட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு உண்டு. இந்த வேலை எனக்கு வந்ததே அதனால்தான் என்று நினைக்கிறேன். நான் கல்லூரியில் பொது நிர்வாகம் கற்பிக்கிறவள். உள்ளூர்க் காவலர்களுக்குப் பயங்கரவாதத் தடுப்புப் பயிற்சி கொடுக்க அரசு மானியம் ஒதுக்கியிருந்தது. முதல் கட்டம் மூன்று நாள். துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கூடவே இருந்து பார்த்து, பலன் இருந்ததா என்று எழுதித் தர வேண்டும். அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் கட்ட மானியம் இங்கேயே வருமா, வேறு மாவட்டத்துக்குப் போகுமா என்பது முடிவாகும். படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. என் மாணவர்கள் என்னை மதிப்பெண் போடுவதில் கஞ்சம் என்பார்கள். அது உண்மைதான்.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் ஆடி அமாவாசை. நோய் கரைய வேண்டிக் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த கூட்டத்துக்கு இராப்பகலாகக் காவல் நின்றுவிட்டு அப்படியே வந்திருந்தார்கள் பாதிப் பேர். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தவர்கள் முதல் அரைமணியில் கண் சொக்கினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே சொக்கியது.

பயிற்றுநர் பிரதாப் சிங் வடக்கிலிருந்து வந்தவர். படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தமிழில் சொன்னார். திரையில் விமான நிலையம், மெட்ரோ ரயில், ஐந்து மாடி வணிக வளாகம் என்று படம் படமாக வந்தது. ஆளில்லாத பை என்றால் ஆபத்து. தொடாதே, விலகு, தகவல் சொல். இதையே நாற்பது விதமாகச் சொன்னார்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் ஏட்டு எழுந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நரை கலந்த கொண்டை, தூங்காத கண்கள். “ஐயா, எங்க சைடுல மாலும் இல்ல, மெட்ரோவும் இல்ல. கம்பெனி கீது, கம்பெனி பஸ் கீது, ஆஸ்டல் கீது. அதுக்கு எதுனா படம் வெச்சிக்கீறாரா, கேளுங்க” என்றார். சிங் நேர்மையாக இல்லை என்று தலையாட்டினார்.

அந்த ஏட்டின் பெயர் கஸ்தூரி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு காவல் நிலையம். மதியச் சாப்பாட்டில் நானே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். மானியத்தில் அவர்கள் நிலையத்துக்கு ஒரு கருவி வந்திருக்கிறது என்றார். நீளக் கம்பு, அதன் நுனியில் வட்டக் கண்ணாடி. வண்டிக்கு அடியில் குண்டு இருக்கிறதா என்று குனியாமல் பார்ப்பதற்கு.

“உபயோகப்படுதா?” என்றேன்.

“ஏன் மேடம் படாம? பீரோவுக்குப் பின்னால பாம்பு பூந்துகிச்சு. அத்த வெச்சுதான் பாத்தோம்.” முகத்தில் சிரிப்பே இல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டும். பேருந்து வந்து நின்றதும் அத்தனை பேரும் வாசலில் முண்டியடித்தார்கள். ஜன்னல் வழியாகத் துண்டும் குடையும் பையும் பறந்து உள்ளே போயின. என் பையும் போனது. என் கைதான் அதைப் போட்டது என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதல் நாள் பூராவும் ஆளில்லாத பையைப் பற்றிப் பாடம் கேட்டவள் நான். ஆனாலும் ஜன்னலோரம் கிடைத்ததில் சந்தோஷமாகவே இருந்தது.

பெரியபாளையத்தில் பேருந்து ஒரு மணி நேரம் நகரவில்லை. ஆடி மாதம் அந்த ஊர் அம்மனுக்குத் திருவிழா. வேப்பிலையை உடம்பு முழுக்கக் கட்டிக்கொண்டு பெண்கள் நடந்துபோனார்கள். சாலையோரம் வரிசையாகப் பொங்கல் பானைகள், அவற்றுக்குப் பின்னால் மலைபோல மூட்டைகள். ஒரு மூட்டைக்கும் பக்கத்தில் ஆள் இல்லை. சிங் பார்த்திருந்தால் ஊரையே காலி செய்யச் சொல்லியிருப்பார். அடுத்த சீட்டுப் பெரியவரிடம் கேட்டேன், “இவ்வளவு சாமானையும் இப்படிப் போட்டுட்டுப் போறாங்களே, யாரும் எடுக்க மாட்டாங்களா?” அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆத்தா ஊட்டாண்ட வெச்ச சாமானை எவன் எடுப்பான்?” என்றார்.

அன்றைய வகுப்பு கும்மிடிப்பூண்டியில். அதே படங்கள், அதே விமான நிலையம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதியம் சாப்பிட்ட கோங்கூராத் துவையலைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். புளிச்சகீரையும் வரமிளகாயும். பரிமாறியவர் “இன்னம் கொஞ்சம் போட்டுக்கோ நைனா” என்று பக்கத்து இலைக்காரரைக் கொஞ்சினார். ஆந்திரா எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பது நாக்குக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. என் கண்ணில் நீர் வழிந்தது. கஸ்தூரி மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

மூன்றாம் நாள் ஒத்திகை. இடம் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்கா வாசல், முதல் ஷிப்ட் முடிகிற நேரம். சிங்கின் திட்டம் எளிமையானது. பழைய செய்தித்தாளும் செங்கலும் அடைத்த ஒரு கறுப்புப் பை. சாதா உடையில் ஒரு காவலர் அதைக் கும்மிடிப்பூண்டிப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சொல்லவில்லை. பத்து நாளாக எல்லாக் கம்பெனி வாசலிலும் ஆளில்லாத பை பற்றி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. யாராவது எவ்வளவு நேரத்தில் தகவல் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பின்னால் ஜீப்பில் சிங்கும் மற்றவர்களும் வருவார்கள். நான் பேருந்துக்குள்.

சங்கு ஊதியது. நீலச்சட்டை, சாம்பல்சட்டை என்று கும்பல் வந்து ஏறியது. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது. இரண்டு நிமிடத்தில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது, கறுப்புப் பை இருந்த இடம் தவிர.

ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தார். பையைப் பார்த்தார். “ஆள் வருதா?” என்று கேட்டார்.

“யாரோ போட்டுட்டுப் பூக்கீறாங்கோ. வருவாங்கோ” என்றார் பின் இருக்கைக்காரர்.

அவ்வளவுதான். அந்தப் பெண் நின்றுகொண்டார். பேருந்து கிளம்பியது. ஆள் வரவில்லை. வழியெல்லாம் ஏறியவர்கள் அந்த இடத்தை ஆசையாகப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நெரிசலில் என் காலை மூன்று பேர் மிதித்தார்கள். வியர்வையும் இரும்புத்தூள் வாசனையும் மூச்சை அடைத்தன. நடுவில் செங்கல் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. பையில் இருப்பது செங்கல் என்று தெரிந்த எனக்குமே உட்காரத் தோன்றவில்லை. யாரோ இடம் போட்டிருக்கிறார்களே!

கும்மிடிப்பூண்டியில் எல்லோரும் இறங்கிய பிறகு நடத்துநர் பையை எடுத்தார். “பாவம், எவனோ உட்டுட்டுப் பூட்டான்” என்று நேரக்காப்பாளர் அறையில் கொண்டுபோய் வைத்தார். நேரக்காப்பாளர் முகவரி ஏதாவது இருக்குமா என்று அதைத் திறந்தே பார்த்துவிட்டார். அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

சிங்குக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவருக்கு வந்தது ஆச்சரியம். “ஏன் ஒருவரும் உட்காரவில்லை? இடம்தான் வேண்டுமே அவர்களுக்கு?” என்று இந்தியில் கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் விளக்கினார். “ஆளே இல்லை. ஆனாலும் இடம் அவனுடையதா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவருடைய நாற்பது படங்களில் இது எங்கும் இல்லை.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள், கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. செங்கலைப் பார்த்தபடி நின்றார். மற்றவர்கள் கிளம்பிய பிறகு என்னை டீக்கடைக்கு அழைத்தார்.

“மேடம், ஒண்ணு சொல்லட்டா? ரெண்டு வருசத்துக்கு மின்ன இதே ஸ்டேண்டு. மனோஜ்னு ஒரு பையன், பீகாரு. நம்ம ஜனம் பண்றத பாத்து அவனும் கத்துக்கினான். ஜன்னல் வழியா பைய போட்டுட்டு டீ குடிக்கப் போனான். எவனோ ‘வடக்கத்தியான் பை, பாம்பு வெச்சிக்கீறான்’னு கத்திட்டான். அவ்ளோதான். அவன் ஓடியாறதுக்குள்ள புட்சு அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.”

“பாம்பா?”

“வெடிக்கிற பாம்பு மேடம், குண்டு. நான் வந்து சேர்றதுக்குள்ள ஒரு காது போயிடிச்சி. இன்னிக்கும் அந்தக் காது கேக்காது. நம்ம ஆளு பைன்னா அது எடம். அவங்க பைன்னா குண்டு. இந்தப் பேஜாருதான் எனுக்கு ராவுல தூக்கத்த கெடுக்குது.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டாம் கட்டம் இங்கே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் மேலிடத்துக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். மண்டபத்தில் வேண்டாம், பேருந்து நிறுத்தத்திலேயே வகுப்பு. காவலருக்கு மட்டுமில்லை, நடத்துநர், கம்பெனி வாசல் காவலாளி, விடுதிப் பொறுப்பாளர் எல்லோருக்கும். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும். சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்று: பை யாருடையது என்று முதலில் கேள், பதில் இல்லையென்றால் விலகி நின்று எங்களைக் கூப்பிடு, யார்மேலும் கை வைக்காதே.

“அது இங்க வர்றது உங்க அறிக்கையிலதான் கீது மேடம். ஆனா எனுக்காக மாத்தி எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க” என்றார். கெஞ்சியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

விடுதி அறைக்கு வந்து படிவத்தை விரித்தேன். கேள்வி தெளிவாக இருந்தது. நடந்த பயிற்சியால் பலன் இருந்ததா? அரைகுறையாகப் புரிந்த மொழியில் படங்கள், தூங்கிய காவலர்கள், செங்கலுக்கு இடம் விட்டு நின்ற ஒரு பேருந்து ஜனம். கஸ்தூரியின் முகம் முன்னால் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு ‘இல்லை’யில் குறி போட்டேன். கையெழுத்தும் போட்டேன். சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு ஆறவில்லை.

மறுநாள் மதியம்தான் எனக்கு ரயில். காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் பையோடு மறுபடி தேர்வாய் கண்டிகைக்குப் போனேன். மனோஜைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பூங்கா வாசலில் பொரிக்கடை வைத்திருக்கிறான் என்று கஸ்தூரி சொல்லியிருந்தார். பொரி, வெங்காயம், பச்சைமிளகாய், மேலே கடுகெண்ணெய். அந்த எண்ணெயின் காரம் மூக்கில் ஏறியது. எங்கள் ஊரில் இந்த எண்ணெயை யாரும் சமையலுக்குத் தொட மாட்டார்கள். அருமையாக இருந்தது, இரண்டாவது பொட்டலமும் வாங்கினேன். மெலிந்த பையன். நான் பேசும்போது முகத்தைச் சற்றே திருப்பி வலது காதைக் காட்டினான். எனக்குத் தெரிந்த கொஞ்ச இந்தியில், ஊருக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

“இங்கே என்னை அடித்தவர்கள் இருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய போலீஸ் அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்” என்றான். பொரி தீர்ந்துவிட்டது, சரக்கெடுக்கக் கும்மிடிப்பூண்டி போக வேண்டும் என்று கடையைக் கட்டினான். அவனுடைய துணிப்பை நெஞ்சோடு இருந்தது. கட்டும்போதுகூட அதைக் கீழே வைக்கவில்லை.

பேருந்து வந்தது. இரவு ஷிப்ட் முடித்த கூட்டம் முண்டியது. அந்த நேரம் பார்த்து எதிர்ப்புறம் ஒரு வண்டியில் வேகவைத்த கடலை ஆவி பறந்துகொண்டிருந்தது. போனேன். உப்பை எப்போது போடுவீர்கள், வேகும்போதா வெந்த பிறகா என்று கேட்டேன். அந்த அம்மாள் விரிவாகச் சொன்னார். பொட்டலத்தோடு திரும்பினால், பேருந்து காலி.

ஓட்டுநர் உட்பட எல்லோரும் கீழே. சாலையின் மறுபக்கம் அரைவட்டமாக நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. எனக்கு ஆவல் பொங்கியது. “என்ன ஆச்சு?” என்று ஒருவரைக் கேட்டேன்.

“ஜன்னலாண்ட ஒரு பை கீது மேடம். கண்டக்டர் மூணு வாட்டி கேட்டாரு, யாரும் நம்முள்துன்னு சொல்லல. நேத்து சாய்ங்காலமே ஏட்டம்மா எல்லா பஸ்லயும் ஏறி சொல்லிட்டுப் போனாங்கோ. அதான் எறங்கிட்டோம்.”

பக்கத்தில் ஒருவர் “எவனாவது வடக்கத்தியான் பையா இருக்கும்” என்று ஆரம்பித்தார். நடத்துநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “யாருதா இருந்தா இன்னா? மொதல்ல கேக்கணும், அப்புறம்தான் பேசணும்” என்றார். ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

தகவல் கிடைத்துக் கஸ்தூரியின் ஜீப் வந்தது. கூட்டத்தை இன்னும் பத்தடி பின்னால் போகச் சொன்னார். பாம்பு பார்த்த அந்தக் கம்பை எடுத்து வந்து, தள்ளி நின்றபடி ஜன்னலுக்கு உயர்த்தினார். நான் எம்பிப் பார்த்தேன். வட்டக் கண்ணாடியில் ஒரு பச்சைப் பை. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். ரயிலில் மாறிவிடக் கூடாது என்று என் கணவர் கட்டிவிட்ட ரிப்பன்.

“அய்யோ! அது என் பைல்லா!” என்று கத்திவிட்டேன்.

அத்தனை முகமும் திரும்பியது. கடலைப் பொட்டலத்தோடு நான் நடுவில். காது மடல்கள் எரிந்தன. இத்தனை வருஷ வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. முண்டியடித்த கூட்டத்தில் எப்போது அதை உள்ளே போட்டேன் என்றே எனக்கு நினைவில்லை.

கஸ்தூரி கம்பை இறக்கினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். விசாரணைக் குரலில் கேட்டார். “உங்க பையா மேடம்? உள்ள இன்னா கீது, சொல்லுங்க.”

“ரெண்டு சேலை. ஒரு சீப்பு. மாத்திரை டப்பா. அப்புறம்… அறிக்கை.”

“அறிக்கையில இன்னா எழுதிக்கீறீங்க?”

நான் கூட்டத்தைப் பார்த்தேன். மனோஜ் தன் துணிப்பையை அணைத்தபடி முன்வரிசையில் நின்றிருந்தான். அவன் மேல் யாருடைய கையும் இல்லை. என்னைப் பிடித்தும் யாரும் உலுக்கவில்லை. நேற்று மாலை ஒரு பெண் ஒவ்வொரு பேருந்தாக ஏறிச் சொன்னது, இன்று காலையில் என் பை விஷயத்திலேயே நடந்துவிட்டது. நேற்றைய ஒத்திகை தோற்காமல் இருந்திருந்தால் அவர் அப்படிக் கிளம்பியிருக்கவும் மாட்டார்.

“தப்பா எழுதிட்டேன், ஏட்டம்மா” என்றேன்.

அவர் பேருந்தில் ஏறி, பையைத் திறந்து, நான் சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அறிக்கையைப் பிரிக்கவில்லை. “ரைட்டு, எல்லாம் ஏறுங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

என் ஜன்னலோரம் போய்விட்டது. அதில் வேறொருவர் உட்கார்ந்து தூங்க ஆரம்பித்திருந்தார். நியாயம்தான். ரயிலேறியதும் ‘இல்லை’யை அடித்து ‘ஆம்’ போட வேண்டும், நடந்ததையெல்லாம் என் அசட்டுத்தனம் உட்பட ஒரு தனிப் பக்கத்தில் எழுத வேண்டும், அடுத்த வகுப்பு இந்த நிறுத்தத்தில்தான் நடக்க வேண்டும் என்று முடிக்க வேண்டும். வாசகங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு, பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் மனோஜும் அப்படியே நின்றிருந்தான். ஒரு வளைவில் நான் தடுமாறினேன். அவன் கையை நீட்டிப் பிடித்தான்.

“கீழே வையுங்கள், அக்கா” என்றான் இந்தியில். “நான் பார்த்துக்கொள்கிறேன்.”